இரண்டாயிரமாவது வரி

இரவல் சட்டையின் கையை வெட்டிவிட்டால் அது நம் சட்டையாகிவிடும் என்று ஒரு வயதில் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றியபோது வயது இருபத்தாறு. நான் வெட்டியது சட்டை அல்ல, கம்ப்யூட்டர் விளையாட்டு.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதன்பிறகு லாரி கிளீனர், உப்பளம், பம்பாயில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம், திருச்சியில் மைக் செட், இன்னும் பல. எங்கும் ஒரு வருடம் தாண்டியதில்லை. எண்பதுகளின் நடுவில் காரைக்காலில் வந்து இறங்கியபோது கையில் ஒரு ரெக்சின் பை இருந்தது. சாலிடர் வைக்கத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த காசிம் நானா என்னைச் சேர்த்துக்கொண்டார். (நானா என்றால் அண்ணன். அவரைவிட மூத்தவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.) படுக்கை, கடையின் பின்பக்கத்தில் பழைய பிக்சர் டியூப்களுக்கு நடுவில். வேலை, மொட்டை மாடிகளில் உயரமான கம்பம் நட்டு இலங்கை டிவியைத் தெரிய வைப்பது.

அந்தக் கடைக்குத்தான் கம்ப்யூட்டர் வந்தது. நானாவின் மச்சான் ஹமீது சிங்கப்பூரில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். அவர் அனுப்பிய பெட்டியைப் பிரித்தால் டைப்ரைட்டரைப் பாதியாக நறுக்கிய மாதிரி ஒரு சாமான். டிவியில் செருக வேண்டும், டேப் ரெக்கார்டரில் கேசட் போட வேண்டும், கேசட் வாத்து மாதிரி ஆறு நிமிடம் கத்தும், அப்புறம் விளையாட்டு வரும். கூடவே ஒரு கடிதம். நானா அதை உரக்கப் படித்தார்: ‘இதில் சொந்தமாக விளையாட்டு எழுதத் தெரிந்த ஆள் நம்மூரில் இருந்தால் சொல்லவும். விசாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.’

விசா என்ற சொல் முடிவதற்குள் நான் சொல்லிவிட்டேன்: “நான் எழுதுவேன் நானா.”

“உனக்குத் தெரியுமாடா செல்வம்?”

“மைக் செட்டே பாத்திருக்கேன் நானா.”

(இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி, இரண்டு மாதம் முட்டி மோதியதில் ஒரு பந்தைச் செய்தேன். வெள்ளைச் சதுரம்தான், நான் பந்து என்று சொன்னேன். அது திரையின் இடது ஓரத்தில் கிளம்பி வலது ஓரம் வரை போகும். போய் அங்கேயே நிற்கும். கீழே ஏதோ தவறு என்று எழுத்து வரும். அதைத் திருப்பிக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அதற்குள் ஹமீதிடமிருந்து அடுத்த கடிதம் வந்தது. தங்கை வீட்டு விசேஷத்துக்கு வருகிறாராம், என் விளையாட்டையும் பார்க்கிறாராம்.

இந்த நேரத்தில்தான் அந்துவான் முசே தன் ரேடியோவைப் பார்சல் பெட்டியோடே ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். (முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.) பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். ரேடியோ, பிரான்சில் இருக்கும் அவருடைய மகள் பார்சலில் அனுப்பியது. அது உடையாமல் இருக்க, சுற்றிலும் ஒரு பத்திரிகையைத் திணித்திருந்தாள். ரேடியோவை எடுத்துவிட்டுப் பத்திரிகையை நீவிப் பார்த்தேன். நடுப் பக்கங்களில் பத்து, இருபது, முப்பது என்று எண் போட்டு வரிசையாக வரிகள். என் கம்ப்யூட்டருக்கான வரிகள்! பக்கத்தில் படம்: ஒரு படகு, வானத்திலிருந்து விழும் பெட்டிகள்.

பிரெஞ்சு எனக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனால் கம்ப்யூட்டருக்குத் தேவையான சொற்கள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். பத்து நாள் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். ஓட விட்டேன். படகு நகர்ந்தது, பெட்டி விழுந்தது. நான் நாற்காலியிலிருந்து விழாததுதான் பாக்கி.

சரி, இதை எப்படி என்னுடையது என்று சொல்வது? அங்கேதான் அந்தச் சட்டைக்கை யோசனை வந்தது. முதலில், ஆட்டத்தின் பெயரை எடுத்துவிட்டு ‘காரைக்கால் போட், செல்வம்’ என்று ஆங்கிலத்தில் போட்டேன். அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். நடுநடுவே சில வரிகள் இருந்தன. அவற்றில் கட்டளை எதுவும் கிடையாது, வெறும் பிரெஞ்சுப் பேச்சு. புத்தகத்தில் பார்த்தேன். இவை எழுதியவர் தனக்காக எழுதிக்கொள்ளும் குறிப்புகள், கம்ப்யூட்டர் இவற்றைப் படிக்காது என்றிருந்தது. (கம்ப்யூட்டரே படிக்காததை நான் எதற்குச் சுமக்க வேண்டும்?) முப்பத்தொரு குறிப்புகளையும் அழித்தேன். ஓட விட்டால் படகு முன்போலவே ஓடியது. வெள்ளைக்காரன் வளவளவென்று எழுதியதை நான் கச்சிதமாக்கிவிட்டேன். முப்பத்தொரு வரி வெட்டியவன் ஆசிரியர் இல்லாமல் வேறு யார்?

தினமும் விளையாடிப் பார்த்தேன். நான் எடுத்த அதிகபட்சம் முந்நூற்று நாற்பது. ஒரு கோளாறும் இல்லை.

ஹமீது வந்தது வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து. வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி, அத்தர் வாசனை. கூடவே நானா, பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர். மூலையில் அந்துவான் முசே. ரேடியோ இன்னும் தயாராகவில்லை என்பதால் அவர் தினமும் வந்து உட்கார்ந்துகொள்வார். அன்றைக்காவது வராமல் இருந்திருக்கலாம்.

“இவந்தான் மச்சான், நான் சொன்ன புள்ள,” என்றார் நானா. “ராத்திரி பகலா உக்காந்து எழுதியிருக்கான். ஒரு வரி யாரையும் கேக்கல.”

கேசட் ஆறு நிமிடம் கத்தியது. நடுவில் மின்சாரம் போய்விடக் கூடாதே என்று வேண்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, போய்விட்டால் தேவலை என்றும் வேண்டினேன். போகவில்லை. அன்றைக்குப் பார்த்து மின்சார இலாகா கடமையைச் செய்தது.

“படகு நல்லா இருக்கே,” என்றார் ஹமீது.

“கிளிஞ்சல்மேட்டுப் படகுங்க,” என்றேன். (அந்தப் படகில் பாய்மரம் நட்டு மேலே ஒரு கொடி வேறு பறந்தது. பக்கத்து மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டில் யாரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.)

அவர் விளையாட உட்கார்ந்தார். வீடியோ கேம் கடை வைத்திருக்கும் மனிதர், விளையாட்டில் எப்படி இருப்பார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே விளையாடினார். ஒரு கையால் டீ குடித்துக்கொண்டே விளையாடினார். இருநூறு. முந்நூறு. முந்நூற்று நாற்பதைத் தாண்டினார். அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது!

நானூற்றுத் தொண்ணூறு. ஐந்நூறு.

படகு நின்றது. பெட்டி அந்தரத்தில் நின்றது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வந்தது.

ஹமீது கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். “இரண்டாயிரமாவது வரிக்குப் போகச் சொல்லியிருக்கீங்க. அப்படி ஒரு வரியே இல்லேங்குது.”

“இருக்கும்ங்க. நல்லாப் பாக்கச் சொல்லுங்க,” என்றேன்.

“யாரைப் பாக்கச் சொல்றது? மெஷினையா?”

நாலு கடைக்காரர்களும் சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. “பரவால்ல மச்சான், அவன் எழுதினதுதானே, இப்பவே சரி பண்ணிருவான். பண்ணுடா செல்வம்.”

உட்கார்ந்தேன். வரிகளைத் திரைக்குக் கொண்டுவந்தேன். இருபத்தோரு அங்குல டிவியில் என் மானம் மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஆட்டத்தில் ஜெயித்தால் வரும் வாசகங்கள் எல்லாம் பிரெஞ்சில் அப்படியே கிடந்தன. மாற்ற மறந்திருந்தேன்.

“இது என்ன பாஷை?” என்றார் ஹமீது.

“பிரெஞ்சுங்க.”

“உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமா?”

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “தெரியும்ங்க. இந்த ஊர்ல இருந்துட்டு...”

மூலையில் நாற்காலி கிறீச்சிட்டது. அந்துவான் முசே எழுந்து வந்தார். அவருடன் பிரெஞ்சு பேச ஊரில் ஆள் குறைந்துகொண்டே வந்த காலம். முகமெல்லாம் மலர்ந்து, என்னைப் பார்த்து நீளமாக ஒன்று கேட்டார்.

“வுய்,” என்றேன். ஆமாம் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒரே சொல்.

அவர் இன்னொன்று கேட்டார்.

“வுய், வுய்.”

முசே கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “மொதல்ல, எங்கடா பிரெஞ்சு படிச்சேன்னு கேட்டேன். ஆமாங்கிறான். அடுத்து, உங்க அப்பாரு பேரு என்னான்னு கேட்டேன். ஆமாம் ஆமாங்கிறான்.”

கடை குலுங்கியது. இனி மறைக்க என்ன இருக்கிறது? டிவிக்கு அடியில் செருகியிருந்த பத்திரிகையை உருவினேன். இரண்டாயிரமாவது வரியைத் தேடினேன். நான் அழித்த முப்பத்தொன்றில் அதுவும் ஒன்று. வெறும் பிரெஞ்சுக் குறிப்பு. கம்ப்யூட்டர் அதைப் படிக்காதுதான், ஆனால் ஐந்நூறு வந்ததும் அந்த எண்ணைத்தான் தேடிப் போயிருக்கிறது.

“இது எம் பொண்ணு பார்சல்ல வந்ததுல்ல?” என்று முசே அதைப் பிடுங்கினார். “இதத்தான் பாத்து எழுதினியா? எங்க, எந்த வரி?”

விரலால் காட்டினேன். அவர் பத்திரிகையைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, பட்டாளத்துக் குரலில், ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் படித்தார்:

“புயல் இங்கே ஆரம்பிக்குது. இது வெறும் குறிப்புன்னு நெனைச்சு... இந்த வரிய... யாரும்... அழிச்சிடாதீங்க.”



நானா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஒரு வரி யாரையும் கேக்கலேன்னு நான் சொன்னேனேடா,” என்றார் மெதுவாக. சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவர்களைப் பெரிசு சிறிசாக அடுக்க ஆரம்பித்தார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

முசே எழுத்து எழுத்தாகச் சொல்ல, நான் அந்த வரியை அடித்தேன். மறுபடி ஓட விட்டோம். ஹமீது மறுபடி ஐந்நூறு எடுத்தார். திரை கறுத்தது, அலை எழுந்தது, மின்னல் வெட்டியது. நான் பத்து நாள் அடித்த விளையாட்டில் இப்படி ஒரு புயல் இருந்தது என்பதை அன்றுதான் நானும் பார்த்தேன்.

“நல்ல புயல்,” என்றார் ஹமீது. “நியாயமாப் பாத்தா நான் முசேயத்தான் சிங்கப்பூர் கூட்டிட்டுப் போகணும்.”

எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் என் பக்கம் குனிந்தார். “தம்பி, அடுத்தவன் எழுதினத எடுத்துக்கறது ஒண்ணும் தப்பில்ல. எங்க கடையில ஓடறது பூரா அடுத்தவன் எழுதினதுதான். ஆனா அது நின்னு போனா எங்க நின்னுச்சுன்னு தெரியணும். அதுக்குத்தான் சொந்தமா எழுதற ஆள் கேட்டேன். நீங்களா எழுதினது எதுவுமே இல்லியா?”

பந்தைப் போட்டுக் காட்டினேன். இடது ஓரத்தில் கிளம்பியது. வலது ஓரம் போனது. நின்றது.

“திரும்பி வருமா?”

“இன்னும் வரலைங்க.”

“வந்ததும் கடுதாசி போடுங்க,” என்று எழுந்தார்.

கடையை விட்டுப் போய்விடலாம் என்று அன்றே பையை எடுத்தேன். பழக்கம் அப்படி. எங்கே அசிங்கப்பட்டாலும் அடுத்த பஸ். ஆனால் ஓரத்தில் நின்ற பந்து உறுத்திக்கொண்டே இருந்தது. பையைக் கீழே வைத்தேன். பதினோராவது நாள், யாரையும் பார்த்து அடிக்காமல், பந்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன். ஓரத்தைத் தொட்டதும் நின்று, யோசிக்கிற மாதிரி ஒரு நொடி இருந்துவிட்டுத் திரும்பியது. ஹமீதுக்குக் கடிதம் போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஏர் மெயிலில் பதில் வந்தது: ‘வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. பந்து திரும்பி வந்ததில் மிக்க மகிழ்ச்சி.’

நானா அந்தக் கடிதத்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். பின்னால் எனக்குப் பெண் பேச கோவில்பத்துக்குப் போனபோது, அங்கேயும் படித்துக் காட்டினார். இன்றைக்கும் ஏதாவது வேலை என்று சொல்லி நான் பையைத் தூக்கினால், என் மனைவி அடுப்படியிலிருந்து தலையை நீட்டாமலே கேட்பாள்:

“பந்து திரும்பி வருமா?”

வரும். அதற்கு நான் எழுதியது ஏழு வரி. ஏழும் என் சொந்த வரி.