பிய்க்காத ரொட்டி

மார்கிலான்,
பட்டுச்சந்தைத் தெரு.

மதிப்பிற்குரிய மிர்ஸோஹித் அண்ணன் அவர்களுக்கு, தங்கை ஹூரினிசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உங்கள் மச்சானும் மகள் நபோசத்தும் வாதுமை மரமும் நலம். தாஷ்கந்தில் நீங்களும் மதினியும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க ஐவேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள் என்றாலும், வீட்டில் சர்க்கரை எத்தனை கரண்டி தீர்ந்தது என்பதுவரை எழுதிவைக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும் சுல்ஹுமார், போன வருஷம் நம் பெரிய சோற்றுக் கொப்பரையை வாங்கிக்கொண்டுபோய் இன்றுவரை திருப்பாதவள், வசந்தப் பண்டிகைக்கு மறுநாள் இரண்டு ரொட்டியோடு வந்தாள். கொப்பரை வருகிறது என்று நினைத்தேன், ரொட்டிதான் வந்தது. சாப்பாட்டு விரிப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தவள், சம்பந்தமே இல்லாமல் தன் மகன் ஜாஸுரின் புது வேனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நான் தேநீர் ஊற்றத் திரும்பினேன், முழங்கை பட்டு மேல் ரொட்டி சரிந்தது. ரொட்டி தரையில் விழலாமா அண்ணா? பாய்ந்து பிடித்தேன். பிடித்த இடத்தில் இரண்டாக வந்துவிட்டது. அவள் உடனே இரண்டு கையையும் முகத்தில் தடவி, "ஆமீன்! ரொட்டி பிய்ச்சாச்சு!" என்றாள். பெண் கேட்டு வந்தவள் முன்னால் ரொட்டியைப் பிய்த்தால் நிச்சயம் முடிந்தது என்பது நம் ஊர் வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவள் பெண் கேட்டா வந்தாள்? வேனைப் பற்றிச் சொல்லத்தானே வந்தாள்? நான் பிய்த்தேனா? தானாக அல்லவா உடைந்தது? விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்துவைத்தேன்.

அந்தச் சிரிப்புதான் வினையாகிப்போனது. மறுநாள் தையல்காரியிடம், அடுத்த நாள் பால்காரியிடம், அதற்கடுத்து கல்யாண வீடு, சுன்னத் வீடு எதையும் விடாமல் "நபோசத்துக்கும் எங்க ஜாஸுருக்கும் ரொட்டி பிய்ச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே திரிந்தாள். நானும் விடுவதாக இல்லை. தஸ்பீஹ் மணி உருட்டுகிறவளுக்கு, திரும்பத் திரும்பச் சொன்னால் சொல் நெஞ்சில் இறங்கும் என்பதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பொய்யை இத்தனை முறை சொல்ல அவளுக்கு வாய் இருந்தால், உண்மையை அதற்குமேல் சொல்ல எனக்கும் வாய் இருக்கிறது என்று முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதலில் ரொட்டி சுட்டு விற்கும் பீபீசோராவிடம் போனேன். "நல்லாக் கேட்டுக்கோ, நபோசத்துக்கும் ஜாஸுருக்கும் ரொட்டி பிய்க்கலை" என்று அழுத்திச் சொன்னேன். "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டினாள். சாயங்காலம் ரொட்டி வாங்கப் போனால், "வாக்கா! காலையில யாரோ வந்து நபோசத்து, ஜாஸுர், ரொட்டின்னு என்னமோ சொன்னாங்க. யாருன்னுதான் ஞாபகம் வரலை. முபாரக்!" என்கிறாள்.

"அடியே, வந்து சொன்னவளே நான்தாண்டி!"

"பாத்தியா? பெத்தவளே வந்து சொல்லியிருக்கே. அப்ப உண்மைதான்!"

நான் சளைக்கவில்லை. துக்க வீட்டில் சத்தமாக மறுக்க முடியாதே என்று ஒவ்வொருத்தி காதிலும் குனிந்து சொன்னேன். ஒவ்வொருத்தியும் அழுத கண்ணோடு என் கையைப் பிடித்து, "கஷ்டத்துலயும் ஒரு நல்ல சேதி சொன்னே" என்றாள். தெருப்பிள்ளைகள் கயிறு தாண்டும்போது "நபோசத்து, ஜாஸுரு, ரொட்டி ரொட்டி" என்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். பிய்க்கலை என்ற சொல் அந்தப் பாட்டுக்கு இடிக்கிறதாம், விட்டுவிட்டார்கள். உங்கள் மச்சானைக் கேளுங்கள், பள்ளிவாசல் வாசலில் ஆட்கள் வாழ்த்துச் சொன்னதற்கு "சரி சரி, அல்லாஹ் கொடுக்கட்டும்" என்றிருக்கிறார். "ஏங்க, என்ன பதில் இது?" என்றேன். "எத்தனை பேருக்குத்தான் இல்லைன்னு சொல்றது ஹூரி? சரின்னா போயிடறாங்க. இல்லைன்னா உக்காந்து கதை கேக்கறாங்க" என்கிறார்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கோகந்திலிருந்து அந்த மருந்துக்கடைக்காரர் வீட்டம்மா நம் நபோசத்தைப் பார்க்க ஆள் அனுப்பினாள் அண்ணா. மகன் பல் மருத்துவம் படித்தவன், ஐந்து வேளையும் தொழுகிறவன். வந்தவர்கள் தெருமுனையில் வழி கேட்டிருக்கிறார்கள். "ரொட்டி பிய்ச்ச வீடுதானே? நீலக் கதவு" என்று ஊரே கை காட்டியிருக்கிறது. கதவைக்கூடத் தட்டாமல் திரும்பிவிட்டார்கள். நான் ஏழு பதார்த்தம் வைத்து விரிப்பை விரித்து உட்கார்ந்திருந்தேன். இதெல்லாம் சம்பந்தி செய்த வேலை. அல்லாஹ்வே, கை தவறி எழுதிவிட்டேன், அடித்துவிடுகிறேன். சுல்ஹுமார் செய்த வேலை.

ஆகவே அண்ணா, இப்போது உங்களை விட்டால் எனக்கு வழியில்லை. தாய்மாமன் சொல்லுக்கு இங்கே இன்னும் மதிப்பிருக்கிறது. தாய்மாமனே வந்து சொன்னால் மறுபடி யோசிப்பதாகக் கோகந்து அம்மாள் சொல்லியனுப்பியிருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நீங்கள் பெரியவர்கள் நடுவில் எழுந்து, "என் தங்கை மகளுக்கு இன்னும் எந்த இடமும் பேசவில்லை" என்று மட்டும் சொல்ல வேண்டும். ஜாஸுர் பெயர் வரக்கூடாது. ரொட்டி என்ற சொல்லே வரக்கூடாது. அன்றைக்குச் சாப்பாட்டில்கூட ரொட்டி வேண்டாம், சோறாகவே சமைத்துவிடுகிறேன். நான் கல்யாணச் சீர் மெத்தைக்குப் பஞ்சு மூட்டை வாங்கியிருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது குளிர்காலத்துக்கு. விலை மலிவாக இருந்ததால்தான் அத்தனை மெத்தைக்கு வாங்கினேன், வேறு காரணம் இல்லை.

நபோசத் நல்ல பிள்ளை. இத்தனை களேபரத்திலும் வாய் திறக்காமல் மூலையில் உட்கார்ந்து தொப்பிக்குப் பூவேலை செய்கிறாள். "யாருக்கும்மா?" என்றேன். "மாமாவுக்கு" என்றாள். உங்கள்மேல் எவ்வளவு பாசம் பாருங்கள். அவளுக்காகவாவது வந்துவிடுங்கள். என் மூச்சிருக்கும்வரை அந்த வீட்டுக்குப் பெண் கிடையாது. இது முடிவு.

மதினிக்கு என் சலாம். பேரப்பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தம். உங்கள் வாசலில் பரக்கத் குறையாமல் இருக்கட்டும், உங்கள் முழங்கால் வெள்ளிக்கிழமைக்குள் மாடிப்படி ஏறட்டும். ஆமீன்.

என்றும் துஆவில் உங்களை மறவாத தங்கை,
ஹூரினிசா

பி.கு: உறையை ஒட்டுவதற்கு முன், தொப்பி உங்களுக்குச் சரியாக இருக்குமா என்று மச்சான் தலையில் வைத்துப் பார்த்தேன். உங்கள் இருவருக்கும் ஒரே தலைதானே. பூசணிக்காய்மேல் தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தமாதிரி நின்றது. இந்தத் தெருவில் அவ்வளவு சின்னத் தலை ஒன்றுதான் இருக்கிறது, அது வேன் ஓட்டுகிறது. "யாருக்குடி இது?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறாள்: "நான் என்னம்மா பண்றது? அவங்க முகத்தைக்கூட நான் சரியாப் பாத்ததில்லை. நீங்கதான் காலையில எந்திரிச்சா நபோசத்து ஜாஸுரு, படுக்கப்போனா நபோசத்து ஜாஸுருன்னு சொல்லிட்டே இருந்தீங்க. கேட்டுக் கேட்டு எனக்கே பிடிச்சுப்போச்சு."

ஆகவே அண்ணா, வெள்ளிக்கிழமை வருவதில் மாற்றமில்லை, சொல்வதில்தான் மாற்றம். கோகந்து அம்மாளுக்கு நானே பதில் அனுப்பிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன் கொப்பரை என் வீட்டுக்கு வந்தாக வேண்டும், அதை மட்டும் நீங்கள் கறாராகப் பேசிவிடுங்கள். மற்றபடி பெரியவர்கள் நடுவில் எழுந்து, அன்றைக்கு அந்த ரொட்டியை ஹூரினிசா மனமுவந்து தன் கையாலேயே பிய்த்தாள் என்று சொல்லுங்கள். ஒரு தடவை போதாது. அடிக்கடி சொல்லுங்கள்.