நில்லு பாய் போட்ட இரட்டை பிரேக்

கள்ளக்குறிச்சியில் நின்றுபோன காரை ஓட வைக்கத் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். ஓடுகிற காரை நிறுத்தத் தெரிந்தவர் தமிழ்நாட்டிலேயே ஒருத்தர்தான். அவர் நில்லு பாய். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும் என்பது என் சந்தேகம்.

இன்ஜின் கோளாறு என்று போனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார். "ஓட வைக்கிறதுக்கு ஊர்பட்ட பேர் கீறாங்க சார், அவங்களாண்ட போங்க. நிக்கலன்னா மட்டும் இங்க வாங்க" என்பார்.

வேலை முடிந்த வண்டியை அவர் ஓட்டிப் பார்க்க மாட்டார். சொந்தக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு, எதிரே நடு ரோட்டில் போய் நின்று, கையைத் தூக்கி, "நில்லு!" என்று கத்துவார். நின்றால் வேலை முடிந்தது. நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் மனைவி சரோஜாவால். கல்வராயன் மலைப் பள்ளிக்கூடத்துக்கு அவளுக்கு டீச்சராக மாற்றல் வந்தது. பள்ளி மணி அடித்து அரை மணி கழித்துத்தான் பஸ் மலைக்குப் போகும். என்னிடம் மாமா கொடுத்த பழைய கார் ஒன்று இருந்தது. 'நான் கொண்டுபோய் விடுகிறேன்' என்று ஜம்பமாகச் சொன்னேன்.

இரண்டாவது வாரம், சாயங்காலம் அவளோடு மலை இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போய் அங்கேயே படுத்துக்கொண்டது. முதல் கியரைப் போட்டு, கை பிரேக்கை இழுத்து, கடைசியில் ஒரு குச்சிக்கிழங்குக் கொல்லைக்குள் நுழைந்துதான் நின்றோம். எங்களுக்குக் கீறல்கூட இல்லை. கொல்லைக்காரர் நல்ல மனிதர். "புடுங்கின கெழங்க நீங்களே எடுத்துக்கினு போங்க சார்" என்று பையில் போட்டுக் கொடுத்தார்.

காரை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். வீட்டுக்கு வந்ததும், "இனிமே நான் இந்த வண்டில ஏற மாட்டங்க. மலை மேலயே ரூம் எடுத்துத் தங்கிக்கிறேன். ஞாயித்துக்கெழம வரேன்" என்றாள்.

எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது இருக்கட்டும். கல்யாணமான எட்டு வருஷத்தில் நாங்கள் ஒரு ராத்திரிகூடத் தனித்தனியாகச் சாப்பிட்டதில்லை. மறுநாளே காரை ஒரு டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு பாயிடம் ஓடினேன்.

டிரைவர் சீட்டுக்கு முன்னால் மிதியடியை நீக்கி, தரையிலிருந்த ஓட்டை வழியாகப் பாய் எட்டிப் பார்த்தார். அங்கேதான் மாஸ்டர் சிலிண்டர் இருந்தது. நாம் மிதிக்கிற அழுத்தத்தை ஆயில் வழியாக நாலு சக்கரத்துக்கும் அனுப்புவது அதுதான்.

"என் சைக்கிளுக்கு எத்தினி பிரேக்கு சார்?"

"ரெண்டு."

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. இம்மாம் பெரிய உங்க காருக்கு ஒண்ணே ஒண்ணு. இந்தச் சிலிண்டர்ல ஒரு அறதான் கீது. எங்கனா ஒரு பைப்பு ஒழுகிச்சின்னா நாலு சக்கரமும் காலி. புது மாடல்ல ரெண்டு அற. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு புடிக்கும். அத மாட்டறேன்."

ஒன்பது நாள் ஆயிற்று. ஆறாவது நாள் போனபோது, பாய் திறந்த கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். புது சிலிண்டர் பழைய இடத்தில் உட்கார மறுக்கிறதாம். அதற்கென்று ஒரு இரும்புப் பட்டையை வெட்டி, வளைத்து, துளை போட்டு, பைப்புகளை இரண்டாகப் பிரித்து முடித்தார். ஆயில் பைப்புகளில் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டிய நாளில், சந்தேகத்தோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த சரோஜாவை, "டீச்சரம்மா, நீங்க வந்து மிதிங்க" என்று டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டார்.

"மிதிங்க... புடிங்க... வுடுங்க!" காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. காரில் போன இரண்டு வாரமும் இடப்பக்கத்துச் சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துப் பழகியவள் அவள். தாளம் தப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் சோதனை. சரோஜா காரில் ஏறாமல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பாய் விடிவதற்கு முன்பே சைக்கிளில் வந்து காத்திருந்தார். பின் சக்கரத்துத் திருகாணியைத் தளர்த்தி, என்னைப் பெடலை அழுத்தச் சொல்லி, ஆயிலை ஒழுகவிட்டார். "இப்ப பின் பிரேக்கு செத்துப்போச்சு. முன்னாடி மட்டுந்தான் உசுரோட கீது. முப்பதுல வாங்க." சொல்லிவிட்டு, சரிவின் கீழே போய், செங்கல்லால் ரோட்டில் ஒரு கோடு கிழித்து, அதற்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

முதல் தடவை கோட்டுக்கு நாற்பதடி முன்னாலேயே மிதித்து நிறுத்திவிட்டேன். "இன்னா சார், மாடு மேய்க்கிறீங்களா? கோட்டாண்ட மிதிங்க!" என்று திட்டினார். இரண்டாவது தடவை இருபதடி. அதற்கும் திட்டு. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டில் மிதித்தேன். பெடல் பாதி தூரம் சும்மா இறங்கியது. பிறகு கெட்டியாகப் பிடித்தது. "நில்லு!" கார் அவர் வயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

சரோஜாதான் முதலில் ஓடினாள். பாய் தூக்கிய கையை இறக்கவே இல்லை. கண்ணை இறுக மூடியிருந்தார். அந்தக் குளிர்காற்றிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஐயோ, இன்னா பாய் இப்படி நடுங்கிக்கினு கீறீங்க?"

"பயந்தாம்மா" என்றார் பாய். "எனக்குச் சின்ன வயசுலேர்ந்து காருன்னாலே பயம். உள்ள ஒக்காந்ததே இல்ல. யாராண்டயும் சொல்லிடாதீங்க."

சரோஜா அவரைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "இவ்ளோ பயப்படற மனுசன் போட்ட பிரேக்கு. நான் ஏறிக்கிறங்க" என்றாள். பின்கதவைத் திறந்து, "பாய், நீங்களும் வரணும்" என்றாள். டீச்சர் குரல் அது. அவரால் மறுக்க முடியவில்லை.

திருகாணியை முடுக்கி, ஆயில் ஊற்றி, மறுபடி காற்று எடுத்துவிட்டுக் கிளம்பினோம். பள்ளிக்கூடம் வரைக்கும் போய்த் திரும்பினோம். பாய் முன்சீட்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி, ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணைத் திறக்கவே இல்லை. பிரேக் அருமையாகப் பிடித்தது. எந்த வேகத்தில் வேண்டுமானாலும் இறங்கியிருக்கலாம். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அடித்துத் தீர்த்தான். ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டேன். மலை முழுக்க நான் இருபதைத் தாண்டவில்லை, பாய்க்காக.