சம்பந்தி வீட்டு அண்ணையைத் தோசைக்கல்லில் வார்த்தேன்

மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிற தகப்பனைச் சமையலறையில் தனியே விடக்கூடாது. பதற்றம் வந்தால் என் கை சும்மா இருக்காது.

மகள் அபிராமி விரும்பிய பையன் நோவா ஹவாய்த் தீவுக்காரன். அவனுடைய அம்மா லெய்லானி எங்களைப் பார்த்துச் சம்மதம் சொல்வதற்காக இரண்டு விமானம் மாறி லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார். அவர் தலையாட்டாவிட்டால் நோவா அசையமாட்டான்.

"அப்பா, ரெண்டு நாளைக்கு நோர்மலா இருங்கோ, பிளீஸ்" என்று அபிராமி கெஞ்சியிருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. மனைவி கோவிலுக்குப் போய்விட்டாள். விருந்தாளி மேலே தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறை மேசையில் ஒரு மரக்கிண்ணம் இருந்தது. அதில் சாம்பலும் ஊதாவும் கலந்த நிறத்தில் ஏதோ மா. மோந்து பார்த்தேன். நல்ல புளிப்பு. குரக்கன் தோசைக்கு மனைவி கரைத்து வைத்துவிட்டு மறந்துபோனாள் என்று முடிவுகட்டினேன். சம்பந்தியம்மா இறங்கி வரும்போது பெண்ணின் தகப்பன் தோசை வார்த்துக்கொண்டு நின்றால் எவ்வளவு மதிப்பு!

முக்கால்வாசியை வழித்தெடுத்து உப்பு, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் கலக்கினேன். கல்லில் ஊற்றினால் அது பரவவில்லை. அகப்பையைப் பிடித்துக்கொண்டது. நான் இழுத்தேன். அதுவும் இழுத்தது.

அபிராமி உள்ளே வந்து கிண்ணத்தைப் பார்த்தாள்.

"அப்பா, பொய் எங்க?"

"நான் என்ன பொய் சொன்னனான்?"

"பொய், அப்பா. இந்தக் கிண்ணத்தில இருந்தது."

"விடியக்காலமை என்னைப் பொய்யன் ஆக்காதை, பிள்ளை. இதுக்குள்ள இருந்தது அம்மா கரைச்ச குரக்கன்."

"குரக்கனோ? சேப்பங்கிழங்கை அவிச்சு இடிச்சுப் புளிக்க விடுறது. அதின்ர பெயர்தான் பொய். லெய்லானி அன்ரி தன்ர தம்பியின்ர தோட்டத்தில இருந்து கொண்டுவந்தவ. மத்தியானம் நோவா வந்ததும் எங்கள் ரெண்டு பேருக்கும் தன்ர கையால வாயில தீத்திச் சம்மதம் சொல்லப்போறா." அவளுடைய குரல் உடைந்தது. "அவையின்ர கதையில மனிசருக்கு மூத்த அண்ணையே அந்தச் சேம்புதான்."

நான் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். ஓரம் கருகிக்கொண்டிருந்தார்.

படியில் காலடிச் சத்தம். லெய்லானி வாசலில் நின்று கல்லைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். என் பிள்ளையின் கலியாணம் வெங்காய வாசத்தோடு தீய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. அபிராமிதான் அணைத்தாள்.

லெய்லானி கதிரையை இழுத்து உட்கார்ந்து ஒரு தட்டுக் கேட்டார். கருகியதில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். பிறகு கிண்ணத்தில் மிஞ்சியிருந்ததை இரண்டு விரலால் எடுத்து அபிராமிக்குத் தீத்தினார். நோவாவின் பங்கை ஒரு கோப்பையில் ஒதுக்கி வைத்தார். அவள் கன்னத்தைத் தடவினார்.

"கோவமில்லைப் போல" என்று அபிராமியிடம் கிசுகிசுத்தேன்.

"கிண்ணம் திறந்திருக்கேக்க அவை சண்டை பிடிக்கக்கூடாது, அப்பா. அண்ணை பாத்துக்கொண்டு இருக்கிறாராம்."

லெய்லானி எழுந்தார். ஒரு தட்டை எடுத்துக் கிண்ணத்தை மெதுவாக மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

இருபது நிமிடம் விடாமல் ஏசினார். அவர் அப்போது என்ன சொன்னார் என்று நோவாகூட என்னைக் கேட்டதில்லை.

கலியாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் என் மனைவி இப்போதெல்லாம் என்னோடு எடுத்தவுடன் சண்டைக்கு வருவதில்லை. சமையலறைக்குப் போய்த் திறந்திருக்கிற சட்டி ஒவ்வொன்றையும் ஆறுதலாக மூடிவிட்டுத்தான் வருகிறாள். அபிராமி போன் எடுக்கும்போது நான் குரல் தாழ்த்திப் பேசினால் சுகம்கூட விசாரிப்பதில்லை.

"அம்மா மூடிட்டாவோ, அப்பா?" என்றுதான் கேட்கிறாள்.