இரும்புச் சேவல் பஸ்ஸில் வந்த கதை

தூரத்தில் இருக்கும் கணவனை நினைத்து அழும் பெண்கள் உண்டு, திட்டும் பெண்களும் உண்டு. நான் அவரை வைத்து ஆங்கில வகுப்பு எடுத்தேன்.

அவருக்கு வேலை சிட்னியில், டூங்கபியில் ஒரு அறை. எனக்கு மெல்பேர்னில், ரோவிலில் ஒரு வாடகை வீடு. சொந்த வீட்டுக்கு முற்பணம் சேரும்வரை இப்படியே இருப்போம் என்றார். வந்துபோகவும் மாட்டார், டிக்கெட் விலை கூடவாம். (எச்சில் கையால் காகம் ஓட்டாதவர் என்று அம்மா கலியாணத்துக்கு முன்பே சொன்னவர். நான்தான் மாப்பிள்ளையின் சிரிப்பில் மயங்கிக் கேட்காமல் விட்டேன்.)

சனிக்கிழமைகளில் நூலகத்தில் சீன முதியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பேன். ஒரு நாள் பாடம், காசு செலவழிப்பதைப் பற்றிய மரபுத்தொடர்கள். 'பேர்ஸைத் திறந்தால் அந்துப்பூச்சி பறக்கும்', அதாவது அவ்வளவு காலம் திறக்காத பேர்ஸ். அதற்கு உதாரணம் என் கணவர். 'பொக்கெற் ஆழம், கை குட்டை', அதாவது காசு இருக்கும், கைதான் எட்டாது. அதற்கும் அவரே. தங்கள் மொழியில் இப்படிப்பட்டவரை இரும்புச் சேவல் என்பார்கள், ஓர் இறகுகூடப் பிடுங்க முடியாது என்றார் என் மாணவி சென் அன்ரி. வகுப்பே சிரித்தது.

ஒரு வாரத்தில் முடியவேண்டிய பாடத்தை நான் மாதக்கணக்கில் இழுத்தேன். வேறு எங்கே போய் அவர் பெயரைச் சொல்வது? வீட்டில் சுவர்தான் இருந்தது. எனக்கு அவர் பக்கத்தில் வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை, என் கணவர் கசங்கிய சட்டையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். என் போனில் அவர் படத்தைப் பார்த்திருந்த சென் அன்ரி எழுந்து, நான் சொல்லிக்கொடுத்த அதே தெளிவான ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு, "அந்துப்பூச்சி பேர்ஸ்காரர் நீங்கள்தானே?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் எட்டி இவருடைய கையின் நீளத்தைப் பார்த்தார். நான் வெண்பலகைக்குப் பின்னால் இடம் தேடினேன்.

இவர் ஆமென்று தலையாட்டிவிட்டு, ஒரு கதிரையில் உட்கார்ந்து மிச்சப் பாடத்தையும் கேட்டார்.

காரில் ஏறியதும், "ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைப் பற்றியோ கதைச்சனீர்?" என்றார்.

"வேற ஆரைப் பற்றிக் கதைக்கிறது? நீங்களும் வாறேல்லையே."

சீற் பெல்ற்றை இழுத்துப் போட்டார். பிறகு, "பிளேனுக்குக் காசு கூட. அதுதான் இரவு முழுக்க பஸ்ஸில வந்தனான்," என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அடுத்த முறை பிளேனில் வந்தார். பிறகு வேலையையே மெல்பேர்னுக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். இன்றைக்கும் வேலை விஷயமாக அவர் சிட்னி போனால், விமானம் ஏறுமுன்பே நான், அதன்பிறகு பிறந்த எங்கள் மகளிடம் அவரைக் குறைசொல்லத் தொடங்கிவிடுவேன். அவள் உடனே போனை எடுப்பாள்.

"அப்பா, கெதியா வாங்கோ. அம்மா வகுப்பைத் தொடங்கீட்டா."