சாப்பாட்டு வேளையில் மாட்டிக்கொண்ட அதிகாரிகள்

ராயபுரம்,
ஆகஸ்ட் 2004

கடல் தாண்டிப் போய்ப் படகில் உழைக்கும் என் தங்கை வீட்டுக்காரர், மாப்பிள்ளை லூர்துவுக்கு வலைக்கடை சிலுவைமுத்து எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். ஸ்டெல்லா சுகம், நீ இன்னும் முகம் பார்க்காத உன் மகள் அதைவிடச் சுகம். பல் முளைத்து ஆளைக் கடிக்கிறாள், ஞானஸ்நானம்தான் ஆகவில்லை. அப்பன் வந்து கையில் ஏந்தினால்தான் கோயிலுக்குத் தூக்கிப் போவேன் என்று உன் பெண்சாதி ஒரே பிடியாக நிற்கிறாள்.

உன் பாஸ்போர்ட்டைப் படகு முதலாளி பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லித் தராமல் இழுக்கிறான் என்று நீ போனில் அழுத நாளிலிருந்து, வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்கான அரசாங்க அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறேன். வாட்ச்மேன் என்னைக் கண்டதும் நாற்காலி போடுகிறான், அவ்வளவு பழக்கம். போன வாரம் போனால் அதிகாரிகளுக்கே பயிற்சி வகுப்பு நடக்கிறது. அந்நிய தேசத்து முதலாளியிடம் பேசித் தொழிலாளியை மீட்பது எப்படி என்று பாடம். முதலாளியாக நடிக்க வேண்டிய ஆள் வரவில்லையாம். "வலைக்கடை அய்யா, நீங்க நடிங்க. வாங்கினதைத் திருப்பித் தராத முகம் உங்களுக்குத்தான் இருக்கு" என்றார் பெரிய அதிகாரி. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வியாபாரிக்கு நடிப்பு சொல்லித் தர வேண்டுமா? முதலில் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன். கலர் குடித்த வாய் சட்டம் பேசாது, இது கடையில் நான் கண்ட பாடம். பிறகு, "அடையாள அட்டையைக் குடுங்க சார், பதிஞ்சுகினு தரேன்" என்றேன். ஒருவர் விடாமல் கழற்றிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு முடிந்துகொண்டேன். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. அந்தக் கேன்டீனில் அட்டையைக் காட்டினால்தான் தட்டு.

"வெளையாட்டு போதும், குடுங்கய்யா."

"பத்திரமா கீது சார். உங்க நல்லதுக்குத்தான் வெச்சிகினு கீறேன்."

ஒருவர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். ஒருவர் தனக்குச் சர்க்கரை நோய் என்றார். சஃபாரி போட்ட ஒருவர் காதோரம் வந்து, "என்னுதை மட்டும் குடுத்துடுங்க, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார். மாப்பிள்ளை, முதலாளியிடம் கெஞ்சியதாக நீ போனில் சொன்னது அச்சாக இதே வார்த்தை. அதோடு என் சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசியில் கார்குழலி என்று ஒரு புது அதிகாரி எழுந்து வந்தாள், வியாசர்பாடிப் பொண்ணு. "நைனா, அட்டைய நீயே வெச்சிக்க. என்னுது உன்கிட்ட கீதுன்னு ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. பத்திரமாத்தானே வெச்சிருக்கே, எழுதறதுக்கு இன்னா?"

எழுதிக் கொடுத்தால் அடுத்தவர் பொருளை அமுக்கினதற்கு நானே சாட்சி. மாட்டேன் என்றால் பத்திரம் என்று சொன்னது பொய். இத்தனை வருஷ வியாபாரத்தில் என்னை இப்படி யாரும் மடக்கியதில்லை. பையை அவிழ்த்துக் கொட்டிவிட்டேன். பெரிய அதிகாரி சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, அதைப் பாடத்தில் சேர்க்கச் சொன்னார்.

அந்தப் பொண்ணு அன்றைக்கே அங்கிருக்கும் நம் தூதரகத்துக்கு உன் விஷயத்தை எழுதி, முதலாளியிடம் சீட்டு கேளுங்கள் என்று அனுப்பியிருக்கிறாள். உள்ளதைச் சொன்னால் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அரசாங்கம் இப்போதுதான் இந்த வேலையைக் கற்றுக்கொள்கிறது. ஆகவே கிறிஸ்துமஸ் வரை பொறு. முதலாளியிடம் வாய் கொடுக்காதே, ராத்திரியில் ஓடிவரப் பார்க்காதே, வேளைக்குச் சாப்பிடு. மாதா உன் படகோடு கூடவே வரட்டும்.

இப்படிக்கு,
உன் மைத்துனன்
சிலுவைமுத்து

பி.கு.: உறையை ஒட்டும்போது கார்குழலி போன் செய்தாள். தூதரகத்து ஆள் சீட்டு கேட்டதும் உன் முதலாளி பாஸ்போர்ட்டை மேஜைமேல் எறிந்துவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் வருகிறாய். ஸ்டெல்லா சாமியாரிடம் ஞானஸ்நானத்துக்கு நாள் கேட்க ஓடியிருக்கிறாள். ஆகவே மேலே சொன்ன புத்திமதி ஒன்றும் உனக்கு வேண்டாம், இந்தக் கடிதமே உனக்கு வேண்டாம். ஆனாலும் தபாலில் போடுகிறேன், நீ தந்தது அங்கே நம்மூர் ஆள் நடத்தும் டீக்கடை முகவரிதானே. கடைக்கார ரஷீது பாய், நீங்களே பிரியுங்கள். அதே படகில் பாஸ்போர்ட் கைக்கு வராமல் மிச்சமிருக்கும் பசங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். சத்தமாகவே படியுங்கள், முதலாளி காதில் விழுந்தாலும் பரவாயில்லை.