நாற்பத்திரண்டு டிகிரி மாப்பிள்ளை

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெளியூர்க்காரர் ஒருவர் கையில் கிடைத்துவிட்டால், "உங்க ஊரு மாதிரி இல்ல கேட்டேளா, இங்க வெயிலே தெரியாது" என்று சொல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது. (சொல்லும்போதே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது வேறு விஷயம்.)

எனக்கு அந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தபோதுதான் கோவில்பட்டியிலிருந்து ஷீபாவின் அப்பா எங்கள் வீடு பார்க்க வந்தார். ஷீபாவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அவளுக்கும் சம்மதம். அப்பா தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. போனிலேயே அவர் சொல்லியிருந்தார்: "எம்மவளுக்கு வெயில் ஒத்துக்கிடாது மாப்ளே. தலவலி வந்து படுத்துருவா. அதான் உங்க பக்கம் பாக்கேன்."

எப்படிப்பட்ட வாய்ப்பு! என் புது பைக்கில் வெளியே எவ்வளவு சூடு என்று காட்டும் வசதி வேறு இருந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டகையில் நின்ற வண்டியை, விடிந்ததும், எங்கள் வீட்டில் தங்கியிருந்த அவருக்குக் காட்டினேன். இருபத்தேழு.

"பாத்தேளா மாமா? துல்லியமா காட்டும். எந்த வெயில்லயும் இங்க முப்பத்திரண்டைத் தாண்டாது."

அவர் மெச்சுதலாகத் தலையசைத்தார். அந்த வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

பத்து மணிக்கு அவரைப் பின்னால் ஏற்றி, வட்டக்கோட்டையைக் காட்டக் கிளம்பினேன். "ஏ மக்கா, மெதுவா போணும் கேட்டியா" என்றாள் அம்மா. இராஜாக்கமங்கலம் ரோட்டில் கடற்காற்றில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நாகர்கோவில் நெரிசலில் மாட்டினோம். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ், நடுவில் நாங்கள். முப்பத்தாறு என்றது பைக். முப்பத்தொன்பது. நாற்பத்திரண்டு!

என் தோளுக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "என்ன மாப்ளே, எங்க ஊரே தேவலாம் போலுக்கு?"

ஷீபா கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள், ஒவ்வொரு டிகிரியாக. இஞ்சின் சூட்டைத்தான் காட்டுகிறது என்று சொல்லலாமென்றால், 'துல்லியமா காட்டும்' என்று விடிகாலையில் பீற்றியவன் நான்தானே?

லாரி நகர்ந்தது. வண்டி வேகமெடுத்ததும் எண் இறங்க ஆரம்பித்தது. முப்பத்தெட்டு, முப்பத்தைந்து. ஆகா, ஓடினால் இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது! அந்த நொடியில் ஒரு முடிவு எடுத்தேன். இனி நிற்கவே கூடாது.

"மாப்ளே, அந்தா டீக்கடை."

"அங்க டீ கொள்ளாது மாமா."

"மாப்ளே, கோட்டை போர்டு போகுதே!"

"கோட்டை எங்க போவும் மாமா, அங்கேயேதான் கெடக்கும். மொதல்ல மலைக்குப் போவோம்."

"மாப்ளே, ஒரு நிமிசம்..." என்று என் முதுகில் தட்டினார். பிறகு குத்தினார். பாசத்தில் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். (ஹெல்மெட்டுக்குள் எல்லாமே பாசமாகத்தான் கேட்கும்.)

கீரிப்பாறை ஏற்றத்தில் எதிரே எஸ்டேட் பஸ் வந்தது. ஓரமாகக் காலூன்றி நின்றேன். கண்ணெல்லாம் எண்ணின் மேல். ஒரு டிகிரி ஏறிவிட்டது! பஸ் கடந்ததும் பறந்தேன். வண்டிகூட இப்போது பஞ்சாக ஓடியது. ரப்பர் நிழலில் முப்பத்தொன்று, முப்பது...

"இருவத்தொம்பது மாமா!" என்று கத்தி, வெற்றியோடு திரும்பினேன்.

பின் சீட்டில் யாரும் இல்லை.

வண்டியைத் திருப்பினேன். பஸ் கடந்த இடத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து வேட்டியைச் சரிசெய்தபடி மாமா வந்துகொண்டிருந்தார். அப்படியொரு நிம்மதியை ஒரு மனித முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

"எனக்கு சுகர் உண்டு மாப்ளே. கோட்டை போர்டு பாத்ததுல இருந்து கெஞ்சுதேன். நீரு மனுசனாவே?"

அழாத குறையாக எல்லாவற்றையும் உளறினேன். நாற்பத்திரண்டு, முப்பத்திரண்டு, ஷீபா, தலைவலி, எல்லாம். எங்கள் பக்கத்தில் நின்ற பைக் அதற்குள் நாற்பது காட்டியது. அவர் அதைப் பார்த்தார், மேலே அசையும் இலைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

சாயங்காலம் அவர் "ஊருக்குப் போயி போன் பண்ணச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா ஜெபத்தில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மணிக்கு ஷீபா போன் செய்தாள்.

"அப்பாக்குச் சம்மதம். என்னைக் கட்டுறதுக்காக மூத்திரம் போகக்கூட விடாமக் கொண்டு போன பய, கடைசி வரைக்கும் விடமாட்டான்னு சொல்றாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்க."

"என்ன?"

"வண்டியில பிரேக் உண்டான்னு."

கல்யாணமாகி வருடங்கள் ஆகிவிட்டன. அந்த பைக் இன்றும் வாய்க்கு வந்ததைக் காட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதன் மேல் துளி கோபமில்லை, ஷீபாவை வாங்கிக் கொடுத்ததே அதுதானே. ஆனால் கோவில்பட்டி வீட்டில் நான் சாவியைக் கையில் எடுத்தால் போதும், அடுப்படியிலிருந்து மாமியார் குரல் கொடுத்துவிடுவார்:

"மாப்ள வண்டிய எடுக்காரு! ஏறப்போறவங்க எல்லாம் மொதல்ல பாத்ரூம் போயிட்டு வாங்க!"