இங்கிலீஷ் பேசாத இங்கிலீஷ் சார்

"சார், இது இங்கிலீஷ் கிளாஸ். கொஞ்சமாவது இங்கிலீஷ்ல பேசுங்க."

யாரெலி எழுந்து நின்று கேட்டேவிட்டாள். மெக்சிகோவின் ப்வெப்லாவில் இருந்த அந்த வேளாண் கல்லூரியில் கால் வைத்த அன்றே சீனியர்கள் சொல்லி அனுப்பியது இரண்டு விஷயம்: கேன்டீனில் மீன் சாப்பிடாதே, ஒனேசிமோ சாரிடம் இதை மட்டும் கேட்காதே.

சார் சாக்பீஸைத் தவறவிட்டார். குனிந்தவர் நிமிர வெகுநேரம் பிடித்தது.

"தொண்டை சரியில்லம்மா," என்றார் ஸ்பானிஷில்.

"ஸ்பானிஷ் மட்டும் எப்படி சார் அந்தத் தொண்டையில வருது?"

பின்வரிசையிலிருந்து ரெமிஹியோ கத்தினான். "ஏய், அமெரிக்காக்காரன் பொண்டாட்டி, உக்காருடி! சும்மாவே பாஸ் போடுற மனுஷனைப் போய்க் கிளறிக்கிட்டு!"

ரெமிஹியோவுக்கு இங்கிலீஷ் என்றால் மெக்சிகோவில் பாதியைப் பிடுங்கிக்கொண்ட அமெரிக்காக்காரன் மொழி. அடுத்த பெஞ்ச் லுபிதாவுக்கு அது குளிக்கும்போது பாடுவதற்கு. யாரெலிக்கு அது ஒரு பூட்டு, அவ்வளவுதான். அடுத்த மாதம் வெளியூர் மையத்தில் வாய்மொழித் தேர்வு. அங்கே வாயைத் திறக்காவிட்டால் பட்டம் இல்லை. அவள் வீட்டில் பட்டம் என்று ஒன்றை இதுவரை யாரும் தொட்டதில்லை. அம்மா அதற்குள் பட்டமளிப்பு விருந்தின் செலவைப் பங்குபோட்டு ஏற்க, கேக்குக்கு ஒரு ஞானத்தந்தை, பேண்டு வாத்தியத்துக்கு ஒரு ஞானத்தந்தை, மோதிரத்துக்கு ஒரு ஞானத்தாய் என்று ஆள் பிடித்து முடித்திருந்தாள். மோலே குழம்புக்கான வான்கோழிகள் கொல்லையில் கொழுத்துக்கொண்டிருந்தன.

மறுநாள் யாரெலி தேனும் எலுமிச்சையும் கலந்து கொண்டுவந்தாள். "குடிங்க சார். தொண்டைக்கு."

வகுப்பே பார்க்க, சார் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். இனி தொண்டையைச் சாக்குச் சொல்ல முடியாது. அதனால் அடுத்த வகுப்புக்கு ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள்ளிருந்து ஒரு பெண் ரயில் நிலையத்துக்கு வழி எது என்று மணிக்கணக்கில் இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊரில் ரயில் நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது.

"பஸ்ல போம்மா!" என்று ரெமிஹியோ ஸ்பீக்கருக்குப் பதில் சொன்னான். வகுப்பு உருண்டு சிரித்தது.

யாரெலிக்குச் சுர்ரென்று ஏறியது. நேரே துறைத்தலைவி ஒர்தென்சியா மேடத்திடம் போய் நின்றாள்.

"சரி," என்றார் மேடம். "திங்கட்கிழமை நானே வந்து பின்னாடி உக்காருறேன். கிளாஸ் முழுக்க இங்கிலீஷ்லதான் நடக்கணும். அவரும் பேசணும். நீங்க அத்தனை பேரும் பேசணும்."

கடைசி வாக்கியத்தை யாரெலி எதிர்பார்க்கவில்லை. தன் பேரைச் சொல்வதற்கு மேல் அவளுக்கே இங்கிலீஷ் வராது.

"பாவி, எங்களையும் சேர்த்து மாட்டிவிட்டியேடி!" லுபிதா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

திங்கள் காலை கல்லூரி கேட்டில் சங்கிலி தொங்கியது. பூட்டும் மாணவர்களுடையது, சாவியும் மாணவர்களுடையது. வேலைநிறுத்தம். மேலே ஒரு பேனர்: 'இங்கிலீஷை ஸ்பானிஷில் நடத்து!'

தெருவிலேயே பொதுக்கூட்டம் நடந்தது. கிளாஸ் இல்லாமல் போனால் கெட்டது குடி என்று யாரெலி பெஞ்ச் மேல் ஏறினாள்.

"தப்பு நம்ம மேல இல்ல! அந்தாளுக்கு இங்கிலீஷே தெரியாது! அவரை மாத்தச் சொல்லுங்க, கேட்டைத் திறங்க!"

ரெமிஹியோ மைக்கைப் பிடுங்கினான். "கேட்டீங்களா தோழர்களே? வாத்தியாருக்கே தெரியாததுல நமக்குத் தேர்வாம்! தேர்வை ரத்து பண்ற வரைக்கும் கேட்டு திறக்காது!"

கைதட்டல் அடங்கவே இல்லை. எதிர்த்து உயர்ந்தது ஒரே ஒரு கை. அது யாரெலியுடையது. வெளியூர் மையம் இவர்கள் பூட்டுக்கெல்லாம் தேர்வைத் தள்ளிவைக்காது என்பது அவளுக்குத் தெரியும். கூட்டத்தின் கடைசியில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒனேசிமோ சார் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

'மறுத்துச் சொல்லவாவது தெரியுதா பாரு!' என்று பல்லைக் கடித்துக்கொண்டு யாரெலி எதிர்ப்பக்கம் போனாள். கேட் பூட்டியதால் அலுவலகம் ஜெராக்ஸ் கடைக்குக் குடிபெயர்ந்திருந்தது. மெஷினுக்கும் மின்விசிறிக்கும் நடுவே செயலாளர் சாயோ அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒனேசிமோ சாரை மாத்தணும். எங்க கையெழுத்துப் போடணும்?"

"ஏன்? என்ன பண்ணார்?"

"இங்கிலீஷ் தெரியாதவர் இங்கிலீஷ் எடுக்கிறார். அது போதாதா?"

சாயோ அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "அவருக்கா தெரியாது? மூணு வயசுல நியூயார்க் போய் அங்கேயே வளர்ந்தவர்டி. இங்க வந்த புதுசுல கிளாஸ்ல ஸ்பானிஷே வாயில வராது. ஒண்ணும் புரியலன்னு உன் சீனியருங்க இதே கேட்டைப் பூட்டினாங்க. வேலை போயிடும்னு ஆனப்போ, கூட்டத்துல நின்னு வாக்குக் கொடுத்தார், இனி கிளாஸுக்குள்ள ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேச மாட்டேன்னு."

யாரெலிக்கு முகம் சுட்டது. பெஞ்ச் மேல் நின்று கத்தியது காதுக்குள் திரும்பக் கேட்டது.

"அப்போ எனக்கு வழியே இல்லையாக்கா?"

"கிளாஸுக்குள்ளன்னுதான் வாக்கு. அந்தக் கிளாஸைத்தான் நீங்களே பூட்டிட்டீங்களே! மனுஷன் காலையிலேர்ந்து தெருவுல நிக்கிறார், யாராவது வந்து கேக்க மாட்டாங்களான்னு."

யாரெலி அதற்குள் கடைவாசலைத் தாண்டிவிட்டிருந்தாள்.